அட்டை வளைவு

நவம்பர் 4, திங்கள்

இருபது வருடமாக வால்பாறையில் பாதிப் பேருடைய ரத்தத்தை நான்தான் எடுத்துச் சோதித்திருக்கிறேன். "சுகர் கூடியிருக்கு, சோத்தக் கொறைங்க" என்று எத்தனை பேரை விரட்டியிருப்பேன்! இன்று எங்கள் ஆஸ்பத்திரி லேபுக்குப் புதிதாக வந்த கிட் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க என் விரலையே குத்திக்கொண்டேன். வெறும் வயிற்றில் நூற்று நாற்பத்தாறு. கிட் கோளாறு என்று மூன்று முறை செய்து பார்த்தேன். கிட்டில் கோளாறு இல்லை.

டாக்டர் சிரிக்காமல் சொன்னார்: "தெனம் முக்கால் மணி நேரம் நடங்க, ஜெசிந்தா. என்ன சாப்பிட்டீங்க, எவ்வளவு நடந்தீங்கன்னு எழுதி மாசா மாசம் காட்டுங்க." மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த இந்த நோட்டு பீரோவில் சும்மா கிடந்தது. எடுத்துவிட்டேன்.

காலை: இட்லி மூன்று. மதியம்: சோறு ஒரு கரண்டி, அவரைக்காய். இரவு: சப்பாத்தி இரண்டு. நடை: முக்கால் மணி நேரம்.

(இட்லி ஐந்து. நடை இருபது நிமிடம். காட்டும்போது இந்த வரியை அடித்துவிட வேண்டும்.)

நவம்பர் 7, வியாழன்

நடை: அரை மணி நேரம். நடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நாற்பத்து மூன்று வயதில் பிடிக்காததைச் செய்ய வைப்பதற்குத்தான் சர்க்கரை என்று ஒரு வியாதியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் போல. என் வீட்டுக்காரர் சகாயம் கூடவே வந்தார். எஸ்டேட் ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். வழியெல்லாம் கம்பத்தையும் வயரையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு வருகிறவரோடு என்ன நடை நடப்பது?

நவம்பர் 10, ஞாயிறு

அவசரத்தில் எழுத்து கோணல் மாணலாக வருகிறது. பரவாயில்லை.

சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது பரீது பாய் கடை வாசலில் அதைப் பார்த்தேன். மலைப்பாதை சைக்கிள். கட்டை கட்டையாக முள் வைத்த தடித்த டயர், முன்பக்கம் அமுங்கி எழும்பும் கால்கள், உடம்பெல்லாம் பச்சை. யானைகளை ஆராய்ச்சி செய்ய வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது பாயிடம் விட்டுப் போனாராம். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சகாயம் தக்காளி வாங்கிக்கொண்டு வந்த பிறகும் நின்றேன்.

"பாய், ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டா?"

"சேலையிலயா?"

"பத்து நிமிசத்துல சுடிதார் மாத்திட்டு வர்றேன்."

பாய்க்கு அறுபத்தைந்து வயது. எங்கள் சின்ன வயதில் மணி வாடகைக்கு சைக்கிள் விட்டவர் அவர்தான். சிரித்துக்கொண்டே சாவியை நீட்டினார். "இதுல பிரேக்கு மாத்தி இருக்கும் ஜெசி. நம்ம வண்டியில முன்பிரேக்கு வலது கையில. இதுல இடது கையில. அவங்க ஊரு வழக்கம். முன்பிரேக்க ஓங்கிப் பிடிச்சீன்னா வண்டி நிக்கும், நீ போயிருவ. மனசுல வெச்சுக்க."

கடையிலிருந்து சர்ச் இறக்கம். முதல் பத்து அடி பயம். அப்புறம் காது இரண்டிலும் காற்று. அப்புறம் என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்ற ஆட்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ரத்தம் கொடுத்தவர்கள்தான் எல்லாரும். பார்க்கட்டும்! இருபத்தொன்பது வருடம் இதை ஏன் விட்டேன்? இவ்வளவு சந்தோஷம் இங்கே இறக்கத்தில் கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறதே!

நடை: இல்லை. சைக்கிள்: ஒரு மணி நேரம். பாய் வண்டியை வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டார். "ஓட்டு. சும்மா நின்னா வண்டிக்கு வாதம் வந்துரும்" என்றார்.

நவம்பர் 12, செவ்வாய்

லேபில் இருக்கும்போதும் அதே நினைப்பு. எழுதிவிட்டால் அடங்கும்.

சின்ன வயதில், நாங்கள் வளர்ந்த தேன்கரடு எஸ்டேட்டில் பிள்ளைகள் எங்களுக்கு ஒரு பந்தயம் இருந்தது. ஞாயிறு மத்தியானம், மேல் டிவிஷனில் கொழுந்து நிறுக்கும் எடைக் கொட்டகையிலிருந்து கீழே ஃபேக்டரி கேட் வரை, தேயிலைக்கு நடுவே இறங்கும் ஜீப் பாதையில். எல்லாம் பாய் கடை வாடகை வண்டிகள். ஒன்று புதிது, ஒன்று ஓட்டை. உன் வண்டி நல்ல வண்டி, அதனால்தான் ஜெயித்தாய் என்று ஒவ்வொரு வாரமும் சண்டை. அந்தச் சண்டையைத் தீர்க்க யாரோ ஒரு புண்ணியவான் சட்டம் போட்டான்: எல்லாரும் செயினைக் கழற்றிவிட வேண்டும். மிதிக்கவே முடியாது. இறக்கம் இழுக்கிற இழுப்பில் போக வேண்டியதுதான். யார் குறைவாக பிரேக் பிடிக்கிறார்களோ அவர்களுக்கே வெற்றி. கழற்றிய செயினைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்வோம். வீட்டுக்குப் போனால் கழுத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருக்கும். அம்மாக்கள் கேள்வியே கேட்க மாட்டார்கள், நேராக விறகுக் கட்டையை எடுப்பார்கள்.

பெண் பிள்ளைகளில் ஓட்டியது இரண்டே பேர். நானும், எஸ்டேட் குடியிருப்பில் பக்கத்து லைன் வீட்டுக் குணவதியும். பையன்கள் எங்கள் பின்னால்தான் வருவார்கள்.

தொண்ணூற்று ஐந்தில் ஒரு நாள் அட்டை வளைவில் (ஊற்றுத் தண்ணீர் கசிந்து எப்போதும் அட்டைகள் இருக்கும் இடம்) குணவதி பின்னால் வந்து என் வண்டியில் இடித்து, என்னைத் தாண்டித் தேயிலைச் சரிவில் போய் விழுந்தாள். தோள் எலும்பு முறிந்தது. எனக்குச் சிராய்ப்புகூட இல்லை. அதோடு பந்தயம் நின்றுபோனது. அவள் குடும்பம் அவளைத் திருப்பூருக்கு அனுப்பிவிட்டது.

இதில் எழுதுவதற்கு வேறு ஒன்றும் இல்லை. இரவு: கோதுமை ரவை உப்புமா.

நவம்பர் 17, ஞாயிறு

எடைக் கொட்டகையிலிருந்து முழுப் பாதையையும் ஓட்டினேன்! மேலே ஏறுவதற்குள் நாக்கு வெளியே வந்துவிட்டது. இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். கொழுந்து பறிக்கும் அக்காமார்கள், "என்னா லேபு, ஆஸ்பத்திரிய வித்துட்டீங்களா?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல மூச்சு இல்லை. ஆனால் இறக்கம்! கல்லை டயர் விழுங்கிக்கொண்டு போகிறது. உடம்பை எங்கே சாய்க்க வேண்டும் என்று எனக்கு மறந்துவிட்டது, என் இடுப்புக்கு மறக்கவில்லை. ஒன்பது நிமிடம்.

அட்டை வளைவில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே கல் நிறையக் கிடக்கிறது.

சகாயத்திடம் சொன்னேன். "கல்லா? போன வாரந்தான் அங்க மண்ணடிச்சு ரோலர் ஓட்டுனாங்க" என்றார். இவருக்குத் தெரியாத விஷயமே இல்லை.

நவம்பர் 24, ஞாயிறு

பாய் கடைக் கதவில் ஒரு நோட்டீஸ். படித்ததிலிருந்து உட்கார முடியவில்லை.

ஜனவரி 19-இல் மலைப்பாதை சைக்கிள் பந்தயம். கோயம்புத்தூர்க்காரர்கள் நடத்துகிறார்கள். இருபத்து நான்கு கிலோமீட்டர். கடைசி இறக்கம் எது தெரியுமா? எங்கள் பாதை! எடைக் கொட்டகையிலிருந்து ஃபேக்டரி கேட்! பெண்களுக்கு ஜோடிப் பிரிவு ஒன்று இருக்கிறது. இருவர் வயதும் சேர்ந்து எண்பதைத் தாண்ட வேண்டும். வழியில் நேரம் குறிக்கும் ஒவ்வொரு சாவடியையும் முடிவுக் கோட்டையும் இருவரும் இரண்டு நிமிடத்துக்குள் கடக்க வேண்டும். அதற்கு மேல் இடைவெளி விழுந்தால் ஜோடியே தகுதி நீக்கம்.

நாற்பது வயதுப் பெண், மலையில் சைக்கிள் ஓட்டுகிறவள், எங்கே போய்த் தேடுவது? எங்கள் நர்ஸ் சிஸ்டர்களைக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சகாயம் டீயை ஆற்றிக்கொண்டே, "ஒரே ஒரு ஆளு இருக்குல்ல" என்றார்.

"யாரு?"

"தூக்கத்துல பேரு சொல்லுவியே, அந்த ஆளு."

நான் தூக்கத்தில் பேசுவதில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் குணவதியின் நம்பர் இருக்கிறது. நான்கு வருடமாக இருக்கிறது. ஒரு கல்யாணத்தில் அவளைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பந்தியில் அவள் எதிர்வரிசையில் உட்கார வந்தாள். நான் எனக்கு வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டேன். வயிறு நிஜமாகவே சரியில்லைதான்.

நவம்பர் 28, வியாழன்

பேசிவிட்டேன்.

"ஜெசியா? ஏ புள்ள... நம்ம ஜெசியா?" என்று அவள் போட்ட சத்தத்தில் போனை நான் காதிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. பந்தயம் என்று சொல்லி முடிப்பதற்குள், "வர்றேன்" என்றாள். எங்கே, எப்போது, எத்தனை கிலோமீட்டர், ஒன்றும் கேட்கவில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு மேற்பார்வையாளராம். தினமும் போக வரப் பதினாறு கிலோமீட்டர் லேடீஸ் சைக்கிள் மிதிக்கிறாளாம்.

கடைசியில் குரலைத் தாழ்த்தி, "எம்மேல கோவம் இல்லியா புள்ள?" என்று கேட்டாள்.

என் மேல் கோபம் இல்லையா என்று நான் கேட்க வேண்டியதை அவள் கேட்டாள்.

இல்லை என்றேன். லைன் கட்டாகிவிட்டது. (கட்டாகவில்லை. நான்தான் வைத்தேன்.)

டிசம்பர் 8, ஞாயிறு

பொள்ளாச்சியிலிருந்து வரும் முதல் பஸ்ஸின் தலையில் ஒரு கியர் சைக்கிள். கம்பெனி மேனேஜர் பிள்ளையிடம் இரவல் வாங்கியிருக்கிறாள். பஸ் நிற்பதற்குள் குதித்துவிட்டாள். மலைப்பாதையின் நாற்பது வளைவிலும் வாந்தி எடுத்தாளாம், பார்த்தால் அப்படியா தெரிந்தது? கட்டிப்பிடித்ததில் என் மூக்குக்கண்ணாடி கழன்றது. முடி பாதி நரைத்திருக்கிறது. சிரிப்பு அப்படியே இருக்கிறது.

மேடு ஏறும்போது என்னை அநியாயத்துக்கு அசிங்கப்படுத்தினாள். நான் புஸ் புஸ்ஸென்று வர, அவள் மேலே நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் இறக்கத்தில் வேறு ஆள். இரண்டு பிரேக்கையும் பிடித்த பிடியிலேயே, முப்பது அடி தள்ளி, கிறீச் கிறீச்சென்று வருகிறாள். பையன்களைப் பின்னால் விட்டுவிட்டு வந்த குணவதியா இது?

கீழே உட்கார்ந்து கேட்டேன். பாட்டில் மூடியைத் திருகியபடியே சொன்னாள்.

"யாரு பின்னாலயும் நான் நெருங்கிப் போறதில்ல புள்ள. எனக்கு வேகம் பிடிபடாது. ஒன்ன இடிச்சன்ல? அன்னிக்கே தெரிஞ்சு போச்சு, நம்ம கண்ணுக்குக் கணக்குத் தெரியாதுன்னு. எங்க வீட்டுக்காரரு ஸ்கூட்டி வாங்கிக் குடுத்தாரு. தொடல. எம்புள்ளைங்கள ஒரு நாள் பின்னால ஏத்துனதில்ல. மழையில நடத்தியேதான் பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போவேன்."

சொல்லியிருக்கலாம். அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

டிசம்பர் 15, ஞாயிறு

ஏற்றம்: அருமை. நானும் தேறிவிட்டேன், ஒரே ஒரு இடத்தில்தான் உட்கார்ந்தேன். கொழுந்துக்கார அக்காமார்கள் இப்போது எங்களுக்கு விசில் அடிக்கிறார்கள். மற்ற ஜோடிகள் வந்து பயிற்சி செய்வதைப் பார்த்தோம். எங்களால் மூன்றாம் இடம் முடியும். நிஜமாகவே முடியும்! இதை எழுதும்போதே கால் தானாக ஆடுகிறது.

இறக்கம்: அவள் என்னைவிட நான்கு நிமிடம் பின்னால் வந்தாள். விதி இரண்டு நிமிடம். இப்படியே போனால் முடிவுக் கோட்டில் தகுதி நீக்கம்தான்.

முட்டியை மடக்கு, பார்வையைத் தூரத்தில் வை, பின்பிரேக்கை மட்டும் தொட்டுத் தொட்டு விடு என்றெல்லாம் வாத்தியார் மாதிரி சொன்னேன். தலையாட்டினாள். திரும்ப அதே கிறீச். அவளுக்கு வேண்டியது இந்தப் பாடமெல்லாம் இல்லை. என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். அது என்னிடம்தான் இருக்கிறது.

இரவு: ராகிக் களி.

டிசம்பர் 24, செவ்வாய்

கேக் ஒரு துண்டு. (மூன்று.) சர்ச்சில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்து கிளம்பிவிட்டேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டில் கட்டு. சுளுக்குதான், எலும்பு முறியவில்லை. முட்டி இரண்டும் சிராய்ந்துவிட்டது. மெதுவாக எழுதினாலும் முழுவதையும் எழுதியே தீர வேண்டும்.

என் வண்டியில் டயர் நல்ல பிடிமானம், அதில் வந்தால் அவளுக்குத் தைரியம் வரும் என்று யோசித்தேன். வண்டிகளை மாற்றிக்கொண்டோம். "இன்னைக்குப் பத்து அடிக்குள்ள வா" என்று அவளைக் கெஞ்சினேன். அவளும் எனக்காக வந்தாள்.

வண்டியை மாற்றினேன், பிரேக் மாறும் என்பது புத்தியில் ஏறவில்லை. ஏழு வாரம் வெளிநாட்டு வண்டியில் வலது கை பின்பிரேக் என்று பழகியாகிவிட்டது. அவள் வண்டி நம் ஊர் வண்டி, வலது கை முன்பிரேக். அட்டை வளைவு வந்தது. நான் எப்போதும் இறங்கித் தள்ளுகிற இடம். இன்று அவள் பின்னால் வருகிறாளே, இறங்க வெட்கமாக இருந்தது. ஓட்டினேன். வளைவின் நடுவில் கீழே சரிவு தெரிந்தது. வலது கை தானாக இறுகியது.

முன்சக்கரம் நின்றது. நான் போனேன்.

தேயிலைச் செடிமேல் மல்லாந்து கிடக்கிறேன். குணவதி வண்டியை மேட்டுப்பக்கச் செடிக்குள் விட்டு நிறுத்திவிட்டு ஓடி வருகிறாள். முகம் வெளுத்துக் கிடக்கிறது. "தொட்டுட்டனா? மறுபடி ஒன்ன இடிச்சுட்டனா புள்ள? நான் சொன்னன்ல, சொன்னன்ல நானு..." என் கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அவள் என்னைத் தொடவே இல்லை. பத்து அடி தள்ளி நின்றிருக்கிறாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொன்னேன்.

அன்றைக்கும் நான்தான் பிரேக் பிடித்தேன். இதே வளைவு, இதே பயம். செயின் இல்லாத பந்தயத்தில் முன்னால் போகிறவள் வளைவுக்குள் பிரேக் பிடிக்கக் கூடாது. பிடிப்பதென்றால் "பிடிக்கிறேன்" என்று கத்த வேண்டும், பின்னால் வருகிறவர்கள் விலகுவார்கள். நான் கத்தவில்லை. கத்தினால் ஜெசிந்தா பயந்துவிட்டாள் என்று தெரிந்துவிடும். முழு பிரேக்கையும் பிடித்து வண்டியை நிறுத்தினேன். அவளுக்கு விலக வழியே இல்லை. ஃபேக்டரி கேட்டில் எல்லாரும் கூடி, யார் இடித்தது என்று கேட்டார்கள். "அவதான் பின்னால வந்து இடிச்சா" என்றேன். அது உண்மைதான். பிரேக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் அப்பா எலும்பு முறிந்த பிள்ளையைப் பெல்ட்டால் அடித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த மாதம் படிப்பை நிறுத்தித் திருப்பூருக்கு அனுப்பினார்கள். எட்டாவதில் அவள்தான் முதல் ரேங்க்.

குணவதி அழுகையை நிறுத்திவிட்டாள். தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள்.

"இருவத்தொம்போது வருசம்" என்றாள். "எம்புள்ளைங்கள நடக்க வெச்சேனேடி."

என்னைக் கைத்தாங்கலாக ஃபேக்டரி வரை கூட்டிவந்து சகாயத்திடம் ஒப்படைத்தாள். தன் வண்டியை பஸ்மேல் ஏற்றினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜனவரி 2, வியாழன்

போன் எடுக்கவில்லை. காலை: ஓட்ஸ் கஞ்சி. மதியம்: பசி இல்லை.

ஜனவரி 5, ஞாயிறு

பரீது பாய் வந்து வண்டியைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "பிரேக்கு மாத்தியிருக்கும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனா இல்லியா?" என்று கத்தினார். எதிர்த்துப் பேசாமல் வாங்கிக்கொண்டேன். பாய்க்கே ஆச்சரியம்.

சகாயத்திடமும் எல்லாவற்றையும் சொன்னேன். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் இதை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தேன். கேட்டுக்கொண்டே கொடியில் காய்ந்த துணியை மடித்தார். பிறகு, "பதினாலு வயசுல பயந்தது தப்பில்ல. அப்புறமா இத்தன வருசம் வாயத் தெறக்கலியே, அதுதான் தப்பு" என்றார். இவர் அதிகம் பேசாமல் இருப்பதே நல்லது. பேசினால் சரியாகப் பேசிவிடுகிறார்.

பந்தயம் போனால் போகட்டும் என்று எழுத நினைத்தேன். போகக் கூடாது! அவளோடு அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பது இப்போதுதான் தெரிகிறது.

ஜனவரி 11, சனி

குணவதி போன் செய்தாள். இருபது விநாடி பேசியிருப்பாள்.

"பத்தொம்போதாந் தேதி வர்றேன். ஒனக்காக இல்ல. நான் முன்னால போவேன். ஒனக்குச் சம்மதமா?"

சம்மதம் என்று நான் சொன்ன சத்தத்தில் அடுப்படியிலிருந்து சகாயம் ஓடி வந்தார்.

ஜனவரி 18, சனி

மணிக்கட்டு தேவலாம். குணவதி சாயங்கால பஸ்ஸில் வந்து வண்டியை பாய் கடையில் விட்டாளாம், பாய் இரண்டு வண்டிக்கும் எண்ணெய் போட்டுக் கொடுத்தார். இட்லி ஏழு. இதை அடிக்கப் போவதில்லை, டாக்டர் பார்க்கட்டும்.

ஜனவரி 19, ஞாயிறு

குளித்துவிட்டு நேராக வந்து எழுதுகிறேன்.

காலை ஏழரைக்குப் பனி விலகவில்லை. ஆறு ஜோடிகள். எங்களுக்கு ஐந்தாம் நம்பர். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு விசில் கட்டினார்கள். கூட்டாளி முன்னால் அதிகம் போய்விட்டால் ஊத வேண்டும், கேட்டதும் அவர் நிற்க வேண்டும். குணவதி என்னோடு பேசவில்லை. என் ஹெல்மெட் வாரைப் பார்த்தாள், தளர்ந்திருந்தது, இழுத்து மாட்டிவிட்டாள். அவ்வளவுதான்.

ஏற்றத்தில் அவள் இழுத்தாள், நான் பின்னாலேயே ஒட்டிக்கொண்டேன். ஓடையில் முட்டிவரை தண்ணீர். ஒரு சேற்றில் மற்ற இரண்டு ஜோடிகள் சிக்கி நிற்க, நாங்கள் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினோம். கொழுந்துக்கார அக்காமார்கள் கூடையைத் தட்டித் தட்டிக் கத்தினார்கள். "லேபு! லேபு!" சகாயம் அவித்த உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு சாலையோரம் நின்றார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டே மிதித்தேன். எடைக் கொட்டகைச் சாவடியைத் தாண்டும்போது நாங்கள் மூன்றாவது! நான்காவது ஜோடி கண்ணுக்கே தெரியவில்லை. கடைசி இறக்கம் மட்டும்தான் பாக்கி. சேர்ந்து இறங்கினால் மூன்றாம் இடம், மேடை, மெடல் எல்லாம் எங்களுக்குத்தான்.

குணவதி ஒரு நிமிடம் நின்று கீழே பார்த்தாள். பிறகு விட்டாள்.

கிறீச் சத்தத்துக்காகக் காது கொடுத்தேன். வரவில்லை. முதல் திருப்பத்திலேயே இருபது அடி, அடுத்ததில் ஐம்பது அடி முன்னால் போய்விட்டாள். உடம்பைப் படிய வைத்து, முழங்கையை விரித்து, பதினான்கு வயதில் எப்படிப் போனாளோ அப்படியே போனாள். நான் அட்டை வளைவுக்கு மேலே வந்தபோது அவள் அதற்குள் இருந்தாள். பின்சக்கரம் வழுக்கியது. எனக்கு உயிர் போய்விட்டது. அவள் கால் ஊன்றவில்லை, கையை இறுக்கவில்லை. வழுக்கலோடு வழுக்கலாகவே வண்டியைத் திருப்பி வெளியே வந்தாள். வந்ததும் ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள், மலையே திரும்பிக் கத்தியது.

அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது, என்னால் அவளைப் பிடிக்க முடியாது, இடைவெளி இரண்டு நிமிடத்தைத் தாண்டப்போகிறது என்று. விசிலை எடுத்து வாயில் வைத்துவிட்டேன். ஊதினால் நிற்பாள். விதி அது. நின்று, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, எனக்காகக் காத்திருப்பாள்.

இந்த வளைவில் அவளை ஒரு தடவை நிறுத்தியது போதாதா?

ஊதவில்லை. அவள் போகட்டும் என்று விட்டேன். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, கண்ணாடியெல்லாம் சேறு. நான் வளைவில் பிரேக் பிடித்துத்தான் இறங்கினேன். பயம்தான். அதை எழுத இப்போது வெட்கமில்லை.

முடிவுக் கோட்டை இரண்டு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி கழித்துத் தாண்டினேன். தகுதி நீக்கம் என்று மைக்கில் அறிவித்தார்கள். அடுத்த மூச்சில், பெண்களில் கடைசி இறக்கத்தை மிகக் குறைந்த நேரத்தில் கடந்தவர் குணவதி, ஆறு நிமிடம் பதினொரு விநாடி என்றார்கள். மற்ற பிரிவுகளில் ஓட்டிய இருபது வயதுப் பிள்ளைகள் எல்லாம் இவளை வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். பரீது பாய் யாரைப் பார்த்தாலும், "ரெண்டு பேரும் நம்ம கடை வண்டியில பழகுன புள்ளைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டம் விலகியதும் என்னிடம் வந்தாள். மூன்று வாரத்தில் முதல் முறையாக முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"விசில் எங்க?"

"வாயிலதான் இருந்துச்சு."

"ஊதிருந்தா நின்னுருப்பேனே. மூணாவது வந்துருப்போம்."

"அதான் ஊதல."

கையுறையைக் கழற்றி உதறினாள். சேறு என் மேல் தெறித்தது.

"கோவம் இன்னும் அப்படியேதான் இருக்கு. போகும்னு தோணல."

"இருக்கட்டும்" என்றேன்.

"அடுத்த வருசம் ஒங்கூட ஜோடி சேர மாட்டேன்."

தலையை மட்டும் ஆட்டினேன்.

"தனியாப் பேர் குடுக்கப்போறேன். நீயும் தனியாக் குடு. ஒன்னத் தோக்கடிக்கணும், ஜெசி. நேரா. எல்லாரும் பாக்க."

அந்தச் சிரிப்பு! இருபத்தொன்பது வருடத்துக்கு முன்னால் எடைக் கொட்டகையில் வரிசையாக நிற்கும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பாளே, அதே சிரிப்பு. இதைவிட நல்ல வார்த்தையை எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

அவள் இறங்கிய வேகத்தைப் பார்த்தவள் நான். தோற்கப்போவது நிச்சயம். ஆனால் விட்டுக்கொடுத்துத் தோற்றால் அது அவளுக்கு நான் செய்யும் இன்னொரு ஏமாற்று வேலை. முழு மூச்சோடு ஓட்டித்தான் தோற்க வேண்டும். நாளைக்குக் காலை ஐந்தரைக்கு எழுந்து அட்டை வளைவுக்குப் போகிறேன்.